வயரைப் பிடுங்கிப் பார்ப்பவர்

வேலை முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நாங்கள் மூச்சு விடும் நேரத்தில்தான் அவர் எழுந்து போய் வயரைப் பிடுங்குவார். சொல்லிவிட்டெல்லாம் பிடுங்க மாட்டார். பேசிக்கொண்டே போவார், பெட்டிக்குப் பின்னால் கையை விடுவார், டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அரை நாள் உட்கார்ந்து தானே செய்த வேலையைத் தானே ஒரு நொடியில் கெடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நிற்பார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் திட்டாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அவர் பெண் என்பதுதான். ஆண் என்றால் அன்றைக்கே வாய்த்தகராறு ஆகியிருக்கும்.

திருச்செங்கோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் அப்போது நான் டெக்னீஷியன். முதலாளி ரிக் லாரிக்காரர். வடக்கே எங்கெங்கோ போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த ஏழெட்டு வண்டிகளின் சம்பாத்தியத்தில், ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான மருமகளுக்காக இந்த சென்டரை வைத்துக் கொடுத்திருந்தார். டாக்டரம்மா சில நாள் இங்கே இருப்பார், சில நாள் சேலத்தில். சேலத்தில் இருந்தபடியே படங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நாஸ் என்று ஒரு பெட்டி வாங்கினார்கள். நான்கு ஹார்டு டிஸ்க் போட்ட, ரொட்டி டப்பா அளவுள்ள கறுப்புப் பெட்டி. ஸ்கேன் மெஷின் எடுக்கிற படமெல்லாம் நெட்வொர்க் வழியாக அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டாக்டரம்மா அங்கிருந்து அதைத் திறந்து பார்ப்பார். அந்தப் பெட்டியை நெட்வொர்க்கில் மாட்டி, அதற்கு ஒரு எண்ணை முகவரியாகக் கொடுத்து, எங்கள் மெஷினோடு பேச வைக்கத்தான் அவர் சேலத்திலிருந்து வந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் சாம்பல் நிற முக்காடு, முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுகிற மாதிரி ஒரு பை. சேலத்தில் அவருடைய அப்பாவுக்கு எலக்ட்ரிகல் சாமான் கடை. அன்று காலையில் அவர் உள்ளே வந்ததும் நான், "இன்ஜினீயர் எப்பங்க வருவாரு?" என்று கேட்டேன்.

"வந்தாச்சுண்ணே. பெட்டி எங்க இருக்கு?" என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மிணி என்றுதான் கூப்பிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு போனில் கூப்பிடும்போது அவரே, "அண்ணே, அம்மிணி பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

அன்றைக்குப் பெட்டிக்கு எண் கொடுத்தபோது எனக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "நெறைய பேரு ரூட்டரே எண் குடுத்துக்கட்டும்னு விட்டுட்டுப் போயிடுவாங்கண்ணே. கரண்டு போய் வந்தா அது வேற எண்ணைக் குடுத்துரும். உங்க மெஷின் பழைய எண்ணுக்கே படத்தை அனுப்பிட்டு உக்காந்திருக்கும்" என்றார். மாறாத எண்ணாக ஒன்றைத் தட்டினார். 192.168.1.70. அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினார். சென்டரில் உள்ள எல்லாக் கருவிகளின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். "புதுசா எது வந்தாலும் இதுல எழுதிருங்க. மறந்துடாதீங்க" என்றார். நானும் பெரிய மனுசனாட்டம் தலையை ஆட்டினேன்.

பெட்டியின் முதுகில் வயர் மாட்ட இரண்டு போர்ட். ஒன்றில் எங்கள் நெட்வொர்க் வயரை மாட்டினார். இன்னொன்றுக்குத் தனியாக வேறு வரிசையில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, எதையும் மாட்டாமல் சும்மா விட்டார்.

"இது எதுக்குங்க அம்மிணி வெட்டியாக் கெடக்குது?"

"முன்வாசல் பூட்டிக்கிச்சுன்னா பின்வாசலா உள்ள போறதுக்கு. லேப்டாப்பை ஒரு வயர் போட்டு நேரா இதுல மாட்டணும். பெட்டிக்கு இந்த எண்ணு, லேப்டாப்புக்கு இந்த எண்ணு. அடிச்சா செட்டிங் பக்கம் வந்துரும். வேற எதுக்கும் இதைத் தொடாதீங்க." அந்த இரண்டு எண்களையும் எழுதிப் பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டினார்.

எல்லாம் முடிந்தது. மெஷினிலிருந்து படம் போனது, சேலத்தில் டாக்டரம்மா திறந்து பார்த்து நன்றாக வருகிறது என்றார். உள்ளே மேசையில் இடுப்பு ஸ்கேனுக்கு ஒருவர் படுத்திருந்தார். அவருடைய படங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அம்மிணி டக்கென்று பிடுங்கினார்.

"அய்யோ, என்னங்க பண்றீங்க! உள்ள ஆளு இருக்குதுங்க!"

"படம் மெஷின்லயும் இருக்கும்ணே, ஒண்ணும் ஆவாது. வயரை மாட்டுனா விட்ட எடத்துலருந்து போவுதான்னு பாக்குறேன்." மாட்டினார். போனது. அதோடு விடவில்லை. பெட்டியை அணைத்து எழுப்பினார், ரூட்டரை அணைத்து எழுப்பினார், கடைசியில் மெயின் சுவிட்சுக்கே போய்விட்டார். அது நோன்பு மாதம் வேறு. மத்தியானம் நாங்கள் சாப்பிட்டு வந்தும், அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நான்காவது தடவை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஓடுறப்ப எல்லாமே நல்லாத்தாண்ணே இருக்கும். நின்னு எந்திரிக்குதான்னு பாக்கணும்" என்றார். அதை அவர் வாயால் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

பெட்டி என்றில்லை, அவருக்கு எதுவுமே அப்படித்தான். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதை ஒரு ஆட்டு ஆட்டுவார். டிபன் பாக்ஸை மூடியதும் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். காலையில் வந்து இறங்கும்போதே சங்ககிரி வழியாகச் சேலம் போகிற பஸ் நேரத்தை மூன்று பேரிடம் விசாரித்துவிடுவார். ஒருநாள் நான் வேடிக்கையாக, "ஊட்டுக்காரரையும் இப்படித்தான் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பாத்தேண்ணே. நிச்சயம் பண்ணுனதுக்கு அப்புறம் போன்ல வேணும்னே ஒரு சண்டை போட்டேன். மூணு நாள் பேசலை. நாலாவது நாள் அவரே கூப்பிட்டு, கோவம் போச்சா, இன்னும் ரெண்டு நாள் ஆகுமான்னு கேட்டாரு. சரி, இது எந்திரிச்சுரும்னு முடிவு பண்ணேன்."

என் மனைவியிடம் இதை நான் சொல்லப்போக, அவள் ஒரு வாரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது முறை அவர் வந்தது பெட்டியைச் சரிபார்க்க. வேலையை முடித்துவிட்டு, வயரைப் பிடுங்குவார் என்று நான் காத்திருந்தேன். பிடுங்கவில்லை. லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "பெட்டியோட எண்ணை யாரோ தப்பா மாத்திட்டாங்க, உள்ள போவ முடியலை. நான் செத்துப் போயிட்டேன்னு வெச்சுக்குங்க. சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் எண்ணை நிஜமாகவே மாற்றி வைத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் ஏழு தடவை போன் பண்ணினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், போன் மேசைமேல் கிடக்க, அவர் பன்னை டீயில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு மகள் வயதில்லாவிட்டாலும் தங்கை வயதுதான். கௌரவத்தை விட்டுவிட்டு ஜன்னலிலிருந்து கையை ஆட்டினேன். அவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கி அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். இரண்டாவது போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, எண்களை அடித்து, முக்கால் மணி நேரம் தட்டுத்தடுமாறி, பழைய எண்ணைத் திரும்பக் கொண்டுவந்தேன். உள்ளே வந்தவர் பாராட்டுவார் என்று பார்த்தால், "இன்னொருக்கா" என்றார். அன்று மூன்று தடவை செய்ய வைத்தார். பரீட்சை எழுதுகிற வயதெல்லாம் தாண்டி இருபத்தைந்து வருடமான எனக்கு, மூன்றாவது தடவை பத்து நிமிடத்தில் முடித்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் முதலாளி வந்து பெட்டியின் நெற்றியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். எங்கள் முதலாளிக்கு நம்பர் விஷயம் பெரிய விஷயம். அவருடைய அத்தனை ரிக் வண்டி நம்பரும் கூட்டினால் ஆறு வரும். செல்போன் நம்பரும் ஆறு. எட்டு என்றால் அந்த வண்டியின் நிழலில்கூட நிற்க மாட்டார். நின்ற வாக்கிலேயே விரலை மடக்கிக் கூட்டினார்.

"ஏனப்பா, முப்பத்தஞ்சு வருது. மூணும் அஞ்சும் எட்டு. இது தெரியாமயா இத்தனை மாசமா இதுல படத்தைப் போட்டு வெச்சிருக்கறீங்க?"

அம்மிணிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மாத்தலாங்கய்யா, அதுல ஒண்ணும் இல்லீங்க. என் ஸ்கூட்டர் நம்பரையும் எங்கப்பா கூட்டிப் பாத்துத்தான் வாங்குனாரு. எண்ணு காலியா இருக்கான்னு பாக்கணும், எல்லா எடத்துலயும் மாத்தணும், அணைச்சுப் பாக்கணும். அடுத்த வாரம் வாரேன்" என்றார்.

முதலாளிக்கு அடுத்த வாரம் வரை பொறுக்கவில்லை. புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்றார். "நீதான் கத்துக்கிட்டியே சாமி, நீயே மாத்திப் போடு" என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு இது. மூன்றாவது தடவை பத்து நிமிடத்தில் முடித்தவன் அல்லவா நான். அலமாரிக் கதவில் இருந்த தாளைப் பார்த்தேன். கடைசி எண் ஐம்பது என்று வைத்தால் கூட்டுத்தொகை முப்பத்துமூன்று, ஆறு. தாளில் ஐம்பது காலியாக இருந்தது. பெட்டியில் மாற்றினேன், ஸ்கேன் மெஷினில் மாற்றினேன், டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரிலும் மாற்றச் சொன்னேன். படம் போனது. முதலாளி சூடம் காட்டினார். அம்மிணிக்கு போன் பண்ணி, "முடிச்சுட்டேனுங்க, நீங்க வர வேண்டியதில்லை" என்றேன்.

"பிடுங்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க" என்றேன். பொய். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

தாளில் ஐம்பது காலியாக இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய மாதம் வந்த ஃபிலிம் பிரிண்டருக்கு, அதை மாட்ட வந்த ஆள் ஐம்பது என்றுதான் எண் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தாளில் எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை. ஃபிலிம் கேட்பவர்கள் குறைந்துவிட்டதால் அந்தப் பிரிண்டர் பக்கத்து அறையில் பாதி நாள் அணைந்தே கிடக்கும். நான் எண்ணை மாற்றிய அன்றும், அடுத்து வந்த நாட்களிலும் அணைந்துதான் கிடந்தது.

எட்டாம் நாள் காலையில், லைன் வேலைக்காக மாதம் ஒருமுறை கரண்டை நிறுத்துகிற நாள் வந்தது. ஜெனரேட்டருக்கு மாற்றியபோது எல்லாம் ஒருசேர அணைந்து எழுந்தன. பட்டனில் மட்டும் அணைத்து வைத்திருந்த பிரிண்டரும் கரண்டு வந்ததும் தானாக எழுந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சங்ககிரி ரோட்டில் வேகத்தடையில் வண்டி துள்ளி, பின்னால் உட்கார்ந்திருந்தவர் விழுந்து தலையில் அடி. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். கணவர் மனைவியின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றார்.

தலையை ஸ்கேன் எடுத்தேன். படம் போகவில்லை. மறுபடி அனுப்பினேன். போகவில்லை. சேலத்திலிருந்து டாக்டரம்மா, "பெட்டியே திறக்க மாட்டேங்குதுங்க, என்ன ஆச்சு?" என்றார். திரையை போனில் படம் பிடித்து அனுப்பினேன். "இடது பக்கம் சந்தேகமா இருக்குது. இதை வெச்சு நான் எழுதித் தர முடியாதுங்க, முழுப் படமும் வேணும்" என்றார். அவர் எழுதிக் கொடுத்தால்தான் இங்கேயே வைத்துப் பார்ப்பதா, ஆபரேஷனுக்குச் சேலம் அனுப்புவதா என்று பக்கத்து ஆஸ்பத்திரியில் முடிவு செய்வார்கள்.

அம்மிணிக்கு போன் பண்ணினேன். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி பண்ணினேன். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. செத்துப் போயிட்டேன்னு வெச்சுக்குங்க என்று அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தேன்.

இரண்டாவது போர்ட்டில் லேப்டாப். இரண்டு எண்கள். செட்டிங் பக்கம் வந்துவிட்டது. இந்த எண் வேறொரு கருவியிடம் இருக்கிறது என்று சிவப்பில் எழுதியிருந்தது. பக்கத்து அறையில் பிரிண்டர் உர்ரென்று ஓடுகிற சத்தம் எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. பிரிண்டரை அணைத்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும், ஆனால் அந்த நேரத்தில் மூளை அப்படியெல்லாம் ஓடுமா? கற்றுக்கொண்டதை அப்படியே செய்தேன். பெட்டியில் பழைய எழுபதைப் போட்டேன், மெஷினில் போட்டேன், டாக்டரம்மாவிடம் சொல்லிப் போடச் சொன்னேன். படங்கள் போகத் தொடங்கின. எல்லாமாகச் சேர்த்து கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும். அந்தக் கணவர் அத்தனை நேரமும் கதவருகே செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் சேலம் போனது. அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மத்தியானம் அம்மிணி கூப்பிட்டார். "போன் பண்ணியிருந்தீங்களேண்ணே?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணைத் தாளில் எழுதாததை, பிடுங்கிப் பார்த்தேன் என்று பொய் சொன்னதை, ஒற்றைச் செருப்பை, எதையும் விடவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும். போன் என் கையிலதான் இருந்துச்சு. மொத ரிங்குலயே பாத்தேன். நீங்களா சரி பண்றீங்களான்னு பாக்கலாம்னு எடுக்காம விட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க அம்மிணி, உள்ள ஒரு உசுரு கெடந்துச்சுங்க!"

"தெரியாதுண்ணே" என்றார். "தெரியாதுன்னு சொல்றதும் தப்பு. எடுத்துக் கேட்டிருக்கணும். உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

கோபம் எனக்கு அன்று சாயங்காலம் வரை இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அது தெரியவே போவதில்லை. பஸ்ஸில் இருந்தேன், சத்தம் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் மாட்டிக்கொண்ட பிறகுதான் என் பொய்யைச் சொன்னேன். அவர் யாரும் கேட்காமல், தன்னைத் தானே பிடுங்கிக் காட்டினார். எத்தனையோ பெரிய படிப்புக்காரர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் அவரே வந்தார். முகம் சற்று வாடியிருந்தது. முதலாளிக்காகக் கடைசி எண் இருபத்துமூன்று என்று தேர்ந்தெடுத்தார். கூட்டினால் ஆறுதான். ஆனால் கூட்டுவதற்கு முன்னால், எல்லாக் கருவிகளையும் எழுப்பி வைத்துவிட்டு அது காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். தாளைக் கிழித்துப் புதுத் தாள் எழுதினார். பிரிண்டருக்கான வரியை மட்டும் என் கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன். படம் போனது, டாக்டரம்மா சரி என்றார், முதலாளி விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினார்.

அம்மிணி எழுந்தார். இப்போது டக்கென்று சத்தம் கேட்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவர் பெட்டிப் பக்கம் போகாமல், ஸ்கேன் அறைக் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் முழங்கால் ஸ்கேனுக்கு ஒரு பெரியவர் படுத்திருந்தார். வயர் போனாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அம்மிணி கதவைப் பிடித்தபடி நின்றார். பெரியவர் மெல்ல இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, எங்களைக் கடந்து வெளியே போகும்வரை அப்படியே நின்றார்.

"வேற யாராச்சும் வராங்களாண்ணே?"

வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாரும் இல்லீங்க" என்றேன்.

அதற்கப்புறம்தான் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார்.